தூக்கிப் போட்டால் தீருமா?

பாரிமுனைக்குப் போய்விட்டு வருகிற யாரைக் கேட்டாலும் ஒரே தீர்ப்புதான்: 'இந்த மொத்த வியாபாரத்தையும் ஊருக்கு வெளியே தூக்கிப் போடணும் சார்!'

தூக்கித்தான் போட்டுப் பார்த்தோமே! 1996-ல் கொத்தவால் சாவடி காய்கறி மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனது. 2002-ல் வெளியூர் பஸ்களும் பிராட்வேயை விட்டு அங்கேயே போயின. அழுகின தக்காளி நாற்றம் குறைந்தது, ஒப்புக்கொள்கிறேன். நெரிசல் குறைந்ததா? பாரிமுனையும் திணறுகிறது, கோயம்பேடும் திணறியது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் இன்னொரு பஸ் நிலையம் திறந்தோம். அடுத்தது என்ன, திண்டிவனமா?

ஆண்டர்சன் தெருவில் பேப்பர், கோடவுன் தெருவில் துணி, நயினியப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கல். ஒரே சரக்கை விற்கிறவர்கள் ஒட்டி ஒட்டிக் கடை போட்டிருப்பது முட்டாள்தனம் இல்லை. வெளியூர்க் கடைக்காரர் பத்தடி நடந்தால் நாலு விலை விசாரித்துவிடலாம். முகம் தெரிந்தால் கடனும் கிடைக்கும். இந்தக் கூட்டம்தான் இங்கே முதல். அதைக் கலைத்தால் விலை ஏறும். ஏறின விலையை நீங்களும் நானும்தான் கட்டுவோம்.

அப்படியானால் யாரைக் கலைப்பது? நாம் கைகாட்டுவது தள்ளுவண்டிக்காரரையும் பிளாட்பாரக் கடைக்காரரையும். 2014 தெரு வியாபாரிகள் சட்டமோ, கணக்கெடுப்பு முடியாமல் அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. நாள் பூரா ஒரே இடத்தில் தூங்குகிற காருக்கு அப்படி எந்தச் சட்டப் பாதுகாப்பும் கிடையாது. ஆனாலும் அதை யாரும் தொடுவதில்லை. அது பெரும்பாலும் முதலாளியின் கார்.

டெல்லி சாந்தினி சௌக்கில் 2021-ல் செங்கோட்டையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை மெயின் ரோட்டைப் புதுப்பித்து, காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை போட்டார்கள். விதியை மீறி வண்டிகள் நுழைவதாகப் புகார் உண்டு. அதற்காக விதியே தப்பாகிவிடுமா?

'கார் வரலேன்னா கஸ்டமர் வரமாட்டான்' என்பார்கள் வியாபாரிகள். ஐயா, உங்கள் மொத்த வியாபார கஸ்டமர் வருவது ரயிலிலும் பஸ்ஸிலும். சரக்கு போவது லாரி பார்சலில். உயர் நீதிமன்றம், மண்ணடி என்று இரண்டு மெட்ரோ ஸ்டேஷன்கள் 2019-லேயே வந்தாச்சு. சரக்கு ஏற்றி இறக்குவதை ராத்திரிக்கு மாற்றுங்கள். பகலில் காரை வெளியே நிறுத்துங்கள்.

மார்க்கெட் எங்கேயும் போகவேண்டாம். முதலில் அந்தக் கார் நகரட்டும்.