விலாவில் வலி: பொறுப்பதா, மருத்துவரை நாடுவதா?

பேரன் நலம் பெற வேண்டும் என்று நேர்ந்துகொண்ட 68 வயது அம்மையார் ஒருவர், ஈர உடையுடன் பிராகாரத்தில் அங்கப்பிரதட்சிணம் செய்தார். கருங்கல் தளத்தின் மேடான விளிம்பொன்று அவருடைய இடப்பக்க விலாவில் அழுந்தியது. சுளுக்கு என்று எண்ணித் தைலம் தடவினார். துணியால் மார்பை இறுகக் கட்டிக்கொண்டார். வீட்டாரிடம் சொல்லவில்லை. சொன்னால் நேர்த்திக்கடனுக்குக் குறை வந்துவிடுமோ என்ற அச்சம் அவருக்கு. மூச்சை இழுத்தால் வலித்தது. ஆகவே மேலோட்டமாகவே மூச்சுவிட்டார். இருமினால் தாங்கவில்லை, ஆகவே இருமலையும் அடக்கினார். ஆறாம் நாள் காய்ச்சலும் மூச்சிரைப்புமாக அவரை அழைத்து வந்தார்கள். இரண்டு விலா எலும்புகளில் முறிவு. நுரையீரலில் சளி தேங்கி நிமோனியா.

விலா எலும்பு முறிவைவிட, அம்முறிவினால் குறைந்துபோகும் மூச்சே முதியவர்களுக்குப் பெரும்பகை. இதை ஒவ்வோர் இல்லமும் அறிந்திருக்க வேண்டும்.

நம் மார்புக்கூட்டில் பக்கத்துக்குப் பன்னிரண்டாக 24 விலா எலும்புகள் உள்ளன. மேலுள்ள ஏழு இணைகள் குருத்தெலும்பின் வழியே மார்பெலும்போடு நேராகச் சேர்கின்றன. அடுத்த மூன்று இணைகள் தமக்கு மேலுள்ள குருத்தெலும்பைப் பற்றிக்கொள்கின்றன. கடைசி இரண்டும் முன்புறம் எதனோடும் சேராமல் நிற்கின்றன. இதயமும் நுரையீரலும் மட்டுமல்லாது, கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றின் பெரும்பகுதியும் சிறுநீரகங்களின் மேற்பகுதியும் இக்கூட்டின் காவலில் உள்ளன. ஆதலால் வலி விலாவில் தோன்றினாலும், அதன் வேர் வேறிடத்தில் இருக்கக்கூடும்.

பெரும்பாலான விலா வலி தசையிலிருந்தே எழுகிறது. தேர் வடம் பிடித்த மறுநாளும், சுவாமி பல்லக்கைத் தோள்மாற்றிச் சுமந்த மறுநாளும், மார்கழிப் பனியில் பிடித்த இருமல் வாரக்கணக்கில் நீடித்தாலும், விலாக்களுக்கிடையே உள்ள தசைகள் நோகும். மார்பெலும்பை ஒட்டிய குருத்தெலும்பில் அழற்சி ஏற்பட்டால், அவ்விடத்தை விரலால் அழுத்தும்போது வலி கூடும். இவை ஓய்வினாலும் எளிய வலிநிவாரணியாலும் சில நாட்களில், சில சமயம் சில வாரங்களில், தணியும். எலும்பு மெலிவு உள்ள மூதாட்டியருக்கோ கடும் இருமலே விலாவை முறித்துவிடுவதுண்டு.

ஒரு பக்கத்து விலாவை ஒட்டிப் பட்டையாக எரிச்சலும் குத்தலும் தோன்றி, ஓரிரு நாட்களில் அவ்விடத்தில் கொப்புளங்கள் எழுந்தால் அது அக்கி. சிறுவயதில் அம்மை வார்த்த வைரஸ் நரம்பில் உறங்கியிருந்து விழிப்பதே இதன் காரணம். அக்கி எழுதிக்கொள்வது நம் ஊர் வழக்கம். காவி பூசுவதால் மனம் ஆறலாம், வைரஸ் அடங்காது. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்குவதே நன்று.

விருந்துச் சாப்பாட்டுக்குப் பின் வலப்பக்கக் கீழ் விலாவில் வலி எழுந்து தோள்பட்டை வரை சென்றால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். பின்புறக் கீழ் விலாவில் தொடங்கி அடிவயிற்றை நோக்கி இறங்கும் வலி சிறுநீரகக் கல்லைக் காட்டக்கூடும். காய்ச்சல், சளியுடன் மூச்சை இழுக்கும்போதெல்லாம் குத்தினால், நுரையீரலிலோ அதன் உறையிலோ அழற்சி இருக்கலாம்.

உடனே செல்ல வேண்டிய வேளைகள்

மார்பை அழுத்திப் பிழிவது போன்ற வலி, இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, அதனுடன் வியர்வை, குமட்டல், மூச்சுத்திணறல் ஆகியவை இருந்தால் சுக்குக் கஷாயம் வைத்து, 'வாயுப் பிடிப்பு அடங்கட்டும்' என்று காத்திருத்தல் கூடாது. 108 எண்ணை அழைத்து மருத்துவமனை செல்லுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு பெருவலி இன்றியும் வரும். அழுத்தினால் வலிக்கிறது என்பதை மட்டும் வைத்து இதயம் நலம் என்று முடிவு கட்டவும் இயலாது, இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பதே முறை.

நெடுந்தூர யாத்திரைக்குப் பின்னரோ, அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த பின்னரோ, திடீரென மூச்சுவிடும்போது குத்தலும் திணறலும் தோன்றினால், காலில் உறைந்த இரத்தக் கட்டி நுரையீரலை அடைத்திருக்கக்கூடும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருந்தால் ஐயம் வலுக்கிறது. இருமலில் இரத்தம் வந்தாலும் தாமதம் கூடாது.

குளத்துப் படியில் வழுக்கி விழுந்து கீழ் விலாவில் அடிபட்டவருக்குத் தலைசுற்றலோ, வயிற்று வலியோ, முகவெளுப்போ கண்டால், உள்ளே கல்லீரலிலோ மண்ணீரலிலோ இரத்தம் கசியலாம். அவரையும் உடனே கொண்டுசெல்லுங்கள்.

இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் வலி, காரணமின்றி உடல் மெலிதல், வாரங்கள் கடந்தும் குறையாத நோவு ஆகியவை அவசரமல்ல எனினும் அலட்சியம் செய்யத்தக்கவை அல்ல. பரிசோதனை வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டுவன

விலா முறிவு பெரும்பாலும் 6 வாரங்களில் தானே கூடிவிடும். சிறு கீறல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். மார்பை இறுகக் கட்டுதல் பழைய வழக்கம். இன்று அதைத் தவிர்க்கச் சொல்கிறோம், ஏனெனில் அது நுரையீரல் விரிவதைத் தடுக்கும். சுளுக்கு எடுப்பவரிடம் கொடுத்து நீவச் செய்வதும் ஆகாது. மருத்துவர் சொன்ன அளவில் வலிமாத்திரையை வேளை தவறாமல் உட்கொள்ளுங்கள். வலி குறைந்தால்தான் மூச்சு ஆழப்படும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து முறை மெல்ல ஆழ்ந்து மூச்சிழுங்கள். இருமும்போது ஒரு தலையணையை விலாவோடு அணைத்துக்கொள்ளுங்கள். படுத்தே கிடவாமல் சிறிது நடமாடுங்கள்.

அந்த அம்மையார் பத்து நாள் மருத்துவமனையில் இருந்து நலம் பெற்றுத் திரும்பினார். எலும்பு மெலிவுக்கும் சிகிச்சை தொடங்கியிருக்கிறோம். வீடு திரும்பும் நாளில், "முன்னமே சொல்லியிருந்தால் நேர்ச்சை பலிக்காமல் போயிருக்குமோ, டாக்டர்?" என்று கேட்டார். நான் மறுமொழி சொல்லுமுன் அவருடைய மருமகள் சொன்னார்: "அத்தை, அடுத்த வருஷம் நடந்தே பிரதட்சிணம் பண்ணலாம். நான் கையைப் பிடிச்சுக்கிறேன்."

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சிலரும் வலியை இவ்வாறே மறைத்துக்கொண்டிருக்கலாம். அவர்கள் இருமும்போது விலாவைப் பற்றிக்கொள்கிறார்களா என்று கவனியுங்கள்; அன்போடு கேளுங்கள். வலியைச் சொல்வது பக்திக்குக் குறைவு அன்று.