விடுதி அறைக்கு எந்தச் செடி?

புதிய தவணை தொடங்கும் நேரத்தில் ஜொகூர் பாரு பேரங்காடிகளிலும் இணையக் கடைகளிலும் சின்னச் சின்னத் தொட்டிச் செடிகள் விற்பனைக்கு வந்துவிடும். பலவற்றில் 'காற்றைச் சுத்தப்படுத்தும் செடி' என்று ஓர் அட்டை தொங்கும். அந்த அட்டைக்காக ஒரு வெள்ளிகூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள் என்பதே என் கருத்து.

இந்தக் கதை அமெரிக்காவின் நாசா 1989இல் வெளியிட்ட ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது. மூடிய சிறு பெட்டிக்குள் செடியை வைத்து, பென்சீன் போன்ற வாயுக்கள் குறைகின்றனவா என்று பார்த்தார்கள். குறைந்தன. ஆனால் நம் அறை மூடிய பெட்டி அல்ல. கதவிடுக்கு, சன்னல், மின்விசிறி எல்லாம் இருக்கின்றன. 2019இல் டிரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய பழைய ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வரை தேவை என்று வந்தது. 10 சதுர மீட்டர் அறை என்றால் குறைந்தது 100 செடி. கட்டிலை எங்கே போடுவது?

ஜொகூரில் இருப்பவர்களுக்கு இது விளையாட்டுப் பேச்சு அல்ல. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் கொட்டிய இரசாயனக் கழிவால் 111 பள்ளிகள் மூடப்பட்டதை நாம் பார்த்தோம். அதே ஆண்டு செப்டம்பரில் புகைமூட்டமும் வந்தது. அப்படிப்பட்ட நாளில் சன்னலைச் சாத்தி முகக்கவசம் போட வேண்டும். மேசையில் இருக்கும் தொட்டி நம்மைக் காப்பாற்றும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

அப்படியென்றால் செடி எதற்கு? பச்சையாக ஒன்று கண்ணெதிரே வளர்வதைப் பார்க்கத்தான். எனக்கு அது போதும். ஆனால் அது செத்துப்போகாமல் இருக்க வேண்டுமே!

பராமரிப்பு குறைந்த செடி என்றதும் பலர் கள்ளிச்செடி வாங்குகிறார்கள். தண்ணீர் கேட்காது என்பது உண்மை, ஆனால் வெயில் கேட்கும். நான்கு பேர் துணி காயப்போடும் சன்னலோரத்தில் அதற்கு வெயில் ஏது? சில மாதங்களில் வெளிறி, ஒல்லியாக நீண்டு, சாய்ந்துவிடும். துளசிக்கும் கற்பூரவல்லிக்கும் இதே கதைதான். வெயில் விழும் நடைபாதை இருந்தால் மட்டும் அவற்றை வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள்.

என் தேர்வு, மலாயில் 'லிடா ஜின்' என்று சொல்லும் பாம்புச் செடி. தமிழில் மருள் என்பார்கள். கடையில் கிடைக்கும் வகை மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அதன் உறவான இந்திய மருளின் நாரில் அக்காலத்தில் வில்லுக்கு நாண் திரித்தார்கள். அவ்வளவு கெட்டியான இலை. பெரும்பாலான செடிகள் பகலில் திறக்கும் இலைத்துளைகளை இது இரவில்தான் திறக்கும். இடைநிலைப்பள்ளியில் 'ஸ்டோமா' என்று மலாயில் மனப்பாடம் செய்தோமே, அதேதான். அதனால் வெயில் நேரத்தில் நீர் ஆவியாகிப் போவது குறைவு. இரண்டு மூன்று வாரம் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் தாங்கும். தேர்வு வாரத்தில் நம் நிலைமை தெரிந்த செடி! (இரவில் ஆக்சிஜன் தரும் என்று சொல்லி விற்பதை மட்டும் நம்பாதீர்கள். வெளிச்சம் இல்லாமல் எந்தச் செடியும் ஆக்சிஜன் தயாரிக்காது.)

மணி பிளாண்டும் நல்லதுதான், அரைகுறை வெளிச்சத்திலும் பிழைக்கும். ஆனால் அதன் இலையைக் கடித்தால் வாய் எரியும். விடுதிப் பூனை உங்கள் அறைக்கு வந்து போகிறதென்றால் உயரத்தில் வையுங்கள்.

நம் ஊரில் இந்தச் செடிகள் காய்ந்து சாவதைவிட அழுகிச் சாவதுதான் அதிகம். 'வாரம் ஒருமுறை தண்ணீர்' என்று கைப்பேசியில் படிப்பது எங்கோ ஒரு வறண்ட நாட்டு அறைக்கு எழுதியதாக இருக்கலாம். நவம்பர் தொடங்கிப் பருவமழை பெய்யும்போது நம் துணியே காய்வதில்லை, மண் எப்படிக் காயும்? விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம். தொட்டியின் அடியில் துளை இல்லையென்றால் அதை வாங்கவே வேண்டாம்.

முக்கியமான ஒன்று, தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டு. அதில் தேங்கும் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள்தான் ஆகும். முட்டை ஒட்டிக்கொண்டு, காய்ந்த பின்னும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நிற்கும் 'அதிர்ஷ்ட மூங்கில்' அழகுதான். ஆனால் 2001இல் சீனாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போன அதிர்ஷ்ட மூங்கிலோடு ஏடிஸ் வகைக் கொசுவும் கப்பலேறிப் போனது. டிங்கி உள்ள நம் நாட்டில் அதை நான் அறைக்குள் வைக்க மாட்டேன். கொசு பெருக இடம் கொடுத்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு.

டிங்கியைக் காரணம் காட்டி அறையில் செடியே கூடாது என்று சொல்லும் விடுதி ஒன்றை எனக்குத் தெரியும். அந்த அக்கறை புரிகிறது. ஆனால் கொசு வளர்வது செடியில் அல்ல, தேங்கிய நீரில். குளியலறை வாளியும் மூடாத குப்பைத் தொட்டியும் அப்படியே இருக்கும்போது மருள் செடியை மட்டும் வெளியேற்றுவது நியாயமா? தட்டும் தண்ணீர்க் குவளையும் கூடாது, மண் தொட்டி இருக்கலாம் என்று விதியைத் திருத்தினால் மாணவர்களே சோதனைக்கு ஒத்துழைப்பார்கள்.

நீண்ட விடுமுறைக்கு அறையைக் காலி செய்ய வேண்டியவர்கள், லார்கினில் பேருந்து ஏறும்போது மடியில் வைத்துக்கொள்ளும் அளவிலேயே தொட்டியை வாங்குங்கள். காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. மருள் வைத்திருக்கும் அத்தையிடம் ஓர் இலை கேளுங்கள். அதை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, இரண்டு நாள் காயவிட்டு, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி மணல் கலந்த மண்ணில் நடுங்கள். தலைகீழாக நட்டால் வேர் விடாது. மஞ்சள் ஓரம் உள்ள வகையாக இருந்தால் புதுச் செடியில் அந்த மஞ்சள் வராது, வெறும் பச்சையாகத்தான் வளரும்.