விடுபட்ட கணக்கைக் கேட்பது முட்டுக்கட்டையா?

எண்ணெய்க் கிணற்றுக்குக் கொடுத்த அனுமதியை எதிர்த்து யாராவது நீதிமன்றப் படி ஏறினால் உடனே ஒரு குற்றச்சாட்டு எழுகிறது: 'சுற்றுச்சூழல் அறிக்கை என்ற சாக்கில் வளர்ச்சியைத் தடுக்கிறார்கள், நீதிபதிகளும் துணைபோகிறார்கள்.' இங்கிலாந்தின் ஹார்ஸ் ஹில் வழக்கைப் படித்த பிறகு இதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேட்விக் விமான நிலையத்துக்கு அருகே உள்ள ஹார்ஸ் ஹில்லில் 20 ஆண்டுகள் எண்ணெய் எடுக்க, 2019-இல் சர்ரே கவுண்டி கவுன்சில் அனுமதி தந்தது. அதை எதிர்த்து அப்பகுதிவாசி சாரா பின்ச் வழக்குத் தொடுத்தார். இரண்டு நீதிமன்றங்களில் தோற்றார். 2024 ஜூன் 20 அன்று உச்ச நீதிமன்றம், மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அனுமதியை ரத்து செய்தது.

எண்ணெய் எடுப்பதையே நீதிமன்றம் தடுத்துவிட்டதா? இல்லை. முழு விவரத்தையும் மக்கள் முன் வைத்து, அவர்கள் கருத்தைக் கேட்ட பின் கவுன்சில் அனுமதி வழங்குவதற்குச் சட்டத்தில் தடையில்லை என்று தீர்ப்பே சொல்கிறது.

'எண்ணெய் எங்கோ எரிகிறது, அதற்குக் கிணறு எப்படிப் பொறுப்பாகும்?' என்பது அடுத்த வாதம். வழக்கின் உயிரே இதில்தான் இருக்கிறது. அனுமதி கேட்ட நிறுவனத்தின் சுற்றுச்சூழல் அறிக்கை கிணற்றடியில் வெளியாகும் கரியமில வாயுவை மட்டும் கணக்கிட்டது: திட்டக் காலம் முழுவதற்கும் சுமார் 1.41 லட்சம் டன். எடுத்த எண்ணெய் எரியும்போது வெளியாவதோ ஒரு கோடி டன்னுக்கும் மேல். எழுபது மடங்குக்கு மேற்பட்ட அளவு கணக்கிலேயே வரவில்லை! இரும்பு கப்பலாகலாம், பாலமாகலாம். எதுவாகும் என்று ஆலையில் யாருக்கும் தெரியாது. எரிபொருளுக்கென எடுக்கும் எண்ணெயின் முடிவு அப்படியல்ல, அது எரிந்தே தீரும். நீதிபதி லெகாட் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம் இதுதான்.

வழக்குகளால்தான் காலதாமதம் என்பார்கள். ஆனால், எண்ணெயின் புவி வெப்பமாக்கும் தன்மையையும் மதிப்பிடும்படி 2018-இல் கேட்டது கவுன்சில்தான். நிறுவனம் அதைச் செய்யவில்லை, கவுன்சிலும் பிறகு விட்டுக்கொடுத்தது. அன்றே அந்த ஒரு கணக்கைச் சேர்த்திருந்தால் இந்த வழக்குக்கே இடமிருந்திருக்காது.

'இங்கே எடுக்காவிட்டால் இறக்குமதி செய்வார்கள்' என்பவர்கள், அதையும் அறிக்கையில் ஆதாரத்துடன் எழுதட்டும். படித்துப் பார்த்து மக்கள் கேள்வி கேட்பார்கள்.

2025 ஜனவரியில் ஸ்காட்லாந்து நீதிமன்றம் ரோஸ்பேங்க், ஜாக்டா எண்ணெய், எரிவாயு வயல்களின் ஒப்புதல்களையும் இதே குறைக்காக ரத்து செய்தது. புதிய முடிவு வரும்வரை கட்டுமானப் பணிகளைத் தொடர விட்டது, எண்ணெய், எரிவாயு எடுப்பதை மட்டும் அனுமதிக்கவில்லை. இதையா முட்டுக்கட்டை என்பது?

இந்தியாவிலோ 2020 ஜனவரி 16 அறிவிக்கை, எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குத் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் மக்கள் கருத்துக்கேட்பும் தேவையில்லை என்றாக்கிவிட்டது. அறிக்கையே இல்லாதபோது எந்தக் கணக்கு விடுபட்டது என்று விவசாயியோ மீனவரோ எப்படிக் கேட்பார்? மத்திய அரசு அந்த அறிவிக்கையைத் திரும்பப் பெற வேண்டும்.