துணை யாருக்கு?

கொண்டாப்பூரில் தடுக்கி விழுந்தால் ஆஸ்பத்திரி. ஹைதராபாத்தின் இந்தப் பகுதிக்குக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்த பிறகு பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி என்று பெயர்ப்பலகைகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால், மூளை முடக்குவாதம் உள்ள ஒரு குழந்தையின் தாய்க்கு இவர்கள் எல்லோருமே தேவை. நடக்க வைக்க ஒருவர், கையால் எடுத்துச் சாப்பிடப் பழக்க ஒருவர், பேச்சுக்கு ஒருவர், படிப்புக்கு ஒருவர். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரிவதில்லை. நகரத்திலேயே இந்த அலைச்சல் என்றால், இவர்களில் ஒருவர்கூட இல்லாத கிராமத்தில் என்ன செய்வது?

தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள ஆய்க்குடியில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1975இல் கடற்படைத் தேர்வின்போது அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அங்கே தொடங்கியது அமர் சேவா சங்கம். கிராமத்துக்கு நான்கு நிபுணர்களை அனுப்புவது நடக்காத காரியம். எனவே உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்துக் குழந்தையின் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் ஆகியோர் பின்னால் இருந்து வழிகாட்டுகிறார்கள். குழந்தையின் முன்னேற்றம் செல்போன் செயலியில் பதிவாவதால், தொலைவில் இருக்கும் நிபுணரும் அதைக் கவனிக்க முடிகிறது.

கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. ஆனால் நிபுணர்கள் தங்கள் வித்தையைப் பங்கிட்டுக்கொள்ள முன்வர வேண்டும். 'இது என் துறை' என்று வேலி போட்டுக்கொண்டால் எதுவும் நகராது. இன்னோர் ஆபத்தும் உண்டு. சம்பளம் மிச்சம் என்று மேற்பார்வை இல்லாமல் அரைகுறைப் பயிற்சியோடு ஆட்களை அனுப்பினால், அது ஏழைகளுக்கு மட்டமான வைத்தியம் என்பதில் போய் முடியும்.

இதற்கு அணைபோடச் சட்டம் இருக்கிறது. 50க்கும் மேற்பட்ட தொழில்களை 10 பிரிவுகளாக்கி, படிப்புக்கு ஒரு தரமும் தொழில் செய்பவர்களுக்குப் பதிவேடும் வேண்டும் என்று 2021இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆனால் அமலாக்கம் இழுபட்டது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, மத்திய, மாநில அரசுகளுக்கு இரண்டு மாதக் கெடு விதிக்க வேண்டி வந்தது.

தமிழில் இவர்களைத் 'துணை மருத்துவப் பணியாளர்கள்' என்கிறோம். டாக்டருக்குத் துணை என்பதுதான் அந்தச் சொல் தரும் அர்த்தம். டாக்டரே எட்டிப் பார்க்காத ஒரு வீட்டில் குழந்தையை எப்படி உட்கார வைப்பது என்று சொல்லித் தருபவர், அந்தத் தாய்க்கு அல்லவா துணை? சட்டத்தை அமலாக்கும் அதிகாரிகள் இந்த அர்த்தத்தையும் மனதில் வைத்தால் நல்லது.