எமர்ஜென்சி ஃபண்ட் தூங்குதா? ஷாம்பெய்ன் திராட்சை விவசாயி ஒரு வருஷ விளைச்சலையே தூங்க வைக்கிறாரு!

"ப்ரோ, ஆறு மாச செலவுக்கான பணம் லிக்விட் ஃபண்ட்ல சும்மா கிடக்குது. இண்டெக்ஸ் ஃபண்ட்ல போட்டிருந்தா எங்கயோ போயிருக்குமே?" நம்ம சேனல்ல எந்த வீடியோ போட்டாலும் கீழ இந்தக் கேள்வி வந்துடுது. வேலை போகலாம், ஆஸ்பத்திரி செலவு வரலாம்னு வழக்கமான பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப் போச்சு. அதனால இந்தத் தடவை பிரான்ஸ்ல இருக்கிற ஷாம்பெய்ன் பகுதிக்குப் போயிட்டு வருவோம். குடிக்கிறதுக்கு இல்லீங்க. கையிருப்பு விஷயத்துல அவங்க அளவுக்குக் கறாரான ஆட்களைப் பார்க்கிறது கஷ்டம்.

ஷாம்பெய்ன்னா நுரை பொங்குற பாட்டில்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனா அது முதல்ல ஒரு இடத்தோட பேர். பாரீஸுக்குக் கிழக்கே, ரெய்ம்ஸ், எப்பர்னே ஊர்களைச் சுத்தி சுமார் 34,000 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம். திராட்சை விளையிறதுக்கு இது கிட்டத்தட்ட வடக்கு எல்லை. குளிர் அதிகம்ங்கிறதால பழத்துல இனிப்பு மெதுவாத்தான் ஏறும், புளிப்பு தூக்கலா நிக்கும். நுரைக்கிற ஒயினுக்கு அந்தப் புளிப்புதான் உயிர். அதே குளிர்தான் எமனும்கூட. ஏப்ரல்ல துளிர் விட்ட சமயத்துல ஒரே ஒரு ராத்திரி உறைபனி அடிச்சா போதும், அந்த வருஷ வருமானம் காலி. 2003 ஏப்ரல்ல அப்படித்தான் ஆச்சு. 2021-ல இன்னும் மோசம். ஏப்ரல்ல உறைபனி, அதுல தப்பிச்சதை கோடை மழையோட வந்த அடிச்சாம்பல் நோய் பார்த்துக்கிச்சு.

ரிஸ்க்கைப் பிரிச்சு வைக்கிற வேலையையும் அவங்க செய்யாம இல்ல. முக்கியமா மூணு ரகம் போடுறாங்க: பினோ நுவார், ம்யூனியே, சார்டோனே. சார்டோனே சீக்கிரமே துளிர் விடும், அதனால பனியில முதல்ல மாட்டும். ம்யூனியே லேட்டா துளிர்க்கும், மார்ன் ஆத்துப் பள்ளத்தாக்கு மாதிரி பனி தங்குற இடங்களுக்கு அதுதான் தோது. ஆனா 2021 மாதிரி ஒரு வருஷத்துல எல்லா ரகமும் ஒண்ணா அடி வாங்கும். மார்க்கெட் விழும்போது லார்ஜ் கேப், மிட் கேப் எல்லாம் சேர்ந்து விழுற மாதிரி.

அங்கதான் கையிருப்பு வருது. ஒவ்வொரு வருஷமும் அறுவடைக்கு முன்னாடி விவசாயிகள், ஒயின் நிறுவனங்கள் ரெண்டு தரப்பும் சேர்ந்த கமிட்டி உக்காந்து, ஒரு ஹெக்டேருக்கு இத்தனை கிலோ திராட்சைதான் விற்பனைக்குன்னு முடிவு பண்ணும். கொரோனா வந்த 2020-ல 8,000 கிலோ. 2022-ல 12,000. 2024-ல 10,000. கொடியில அதுக்கு மேல காய்ச்சா, ஒரு அளவு வரைக்கும் அறுத்து ஒயினாக்கி தொட்டியில வச்சுக்கலாம். ஆனா விக்க முடியாது. இப்படிச் சேர்த்து வைக்க ரொம்ப நாளா இருந்த உச்சவரம்பு ஹெக்டேருக்கு 8,000 கிலோவுக்குச் சமமான ஒயின். பிறகு அதையும் 10,000 ஆக ஏத்துனாங்க. அதாவது கிட்டத்தட்ட ஒரு முழு வருஷ விற்பனை! நாம ஆறு மாசத்துக்கே புலம்புறோம்.

நினைச்சப்ப எடுக்கவும் முடியாது. அறுவடை அந்த வருஷ வரம்புக்குக் கீழ விழணும், இல்லைன்னா கமிட்டியே விடுவிக்கணும். தொட்டிக்குச் செலவு, இடத்துக்குச் செலவு, வட்டி கிடையாது. நம்ம கமெண்ட் நண்பர் கணக்குப்படி பார்த்தா இது சுத்த வேஸ்ட். ஆனா 2021-ல, கையிருப்பு வச்சிருந்தவங்க தோட்டத்துல குறைஞ்சதைத் தொட்டியிலிருந்து நிரப்பிக்கிட்டாங்க.

இது இல்லாத காலத்தையும் அந்த ஊர் பார்த்திருக்கு. 1910-ல விளைச்சல் கிட்டத்தட்ட பூஜ்யம். அதுக்கு முன்னாடி சில வருஷமும் சரியில்ல, விவசாயிக்குக் கடன் மேல கடன். அதே நேரத்துல சில வியாபாரிங்க வெளியூர் சரக்கை வாங்கி ஷாம்பெய்ன் பேர்ல வித்துட்டிருந்தாங்க. 1911-ல கலவரம் வெடிச்சுது, ஆயிங்கிற ஊர்ல ஒயின் நிறுவனங்களைக் கொளுத்தினாங்க, ராணுவமே வர வேண்டியதாச்சு. இன்னைக்கு இருக்கிற கமிட்டி 1941-ல உருவானது.

இந்த வரம்பு விலை விழாம பார்த்துக்கவும்தான். கையில பழம் இருந்தும் விக்கக் கூடாதுன்னா, அதுல வியாபாரத் தந்திரமும் இருக்கு. அதை மறைச்சு அவங்களைப் புனிதர் ஆக்க வேண்டாம்.

எனக்கு இதைவிடப் பிடிச்சது இன்னொரு கையிருப்பு. இது கமிட்டி விதிக்காக இல்ல, ருசிக்காக. பெரும்பாலான ஷாம்பெய்ன் பாட்டில்ல வருஷமே போட்டிருக்காது. ஏன்னா அது ஒரே வருஷத்து ஒயின் இல்ல. புதுசோட பழைய வருஷ ஒயினைக் கலப்பாங்க. பொலாஞ்ஜே நிறுவனம் பழைய ஒயினைப் பெரிய பாட்டில்கள்ல கார்க் போட்டே வச்சிருக்கு. க்ரூக் நிறுவனம் பத்து வருஷத்துக்கும் மேற்பட்ட ஒயின்களைச் சேர்த்து ஒரு கலவை பண்ணுது. இந்த வருஷம் வெயில், போன வருஷம் மழை, ஆனா வாடிக்கையாளருக்கு ருசி மாறாது. வருஷம் போட்ட பாட்டில் தனி ரகம். முழுக்க அந்த ஒரே வருஷத்து அறுவடைதான், குறைஞ்சது மூணு வருஷம் காத்திருந்துதான் விக்கணும். வருஷம் சரியில்லைன்னா பல நிறுவனங்கள் அதைப் போடவே மாட்டாங்க. பின்னாடி கையிருப்பு இருக்கிறவனாலதான் அப்படி "இந்த வருஷம் வேண்டாம்"னு சொல்ல முடியும்.

இதுதான் என் வாதம். எமர்ஜென்சி ஃபண்டோட ரிட்டர்னை அந்த ஃபண்டுக்குள்ளயே தேடுறோம், அங்க அது இருக்காது. மார்க்கெட் விழுந்து, அதே மாசம் வேலையும் போச்சுன்னா, எஸ்ஐபி யூனிட்டை நஷ்டத்துல விக்காம இருக்கீங்களே, ரிட்டர்ன் அங்க இருக்கு. ஒத்துவராத மேனேஜர்கிட்ட பேப்பர் போடுற தைரியத்துல இருக்கு.

ஆறு மாசம்ங்கிறதும் எல்லாருக்கும் ஒரே அளவு இல்ல. வருஷத்துக்கு ஒரே அறுவடை, அதுவும் பனி அடிக்கிற ஊர், அதனால அவங்க ஒரு வருஷம் வைக்கிறாங்க. வீட்ல நீங்க ஒருத்தர்தான் சம்பாதிக்கிறீங்க, ஸ்டார்ட்அப் வேலை, ஹோம் லோன் இஎம்ஐ ஓடுதுன்னா ஒன்பது மாசத்துக்குக் குறையாம வைங்க. ரெண்டு சம்பளம் வர்ற வீடு, அதுல ஒண்ணு அரசு வேலைன்னா நாலு மாசம்கூட போதும். மாசச் சம்பளத்தைப் பிழிஞ்சு சேர்க்கணும்னும் இல்ல, அவங்க வரம்புக்கு மேல காய்ச்சதைத்தான் வைக்கிறாங்க. போனஸ், இன்கிரிமென்ட் அரியர் வந்தா முதல்ல இங்க போகட்டும். எடுக்கிற விதியையும் இப்பவே எழுதி வைங்க: வருமானம் நின்னா, இல்ல உடம்புக்கு முடியலைன்னா. புது ஐபோன் உறைபனி கணக்குல வராது.

எடுத்தா திரும்ப வைக்கிறதும் அதே விதியில சேர்த்தி. 2022-ல அங்க நல்ல விளைச்சல். 12,000 கிலோவை வித்துட்டு, அதுக்கு மேல வந்ததை வச்சு முதல்ல 2021-ல இறங்கின தொட்டிகளைத்தான் நிரப்பினாங்க.