தாயின் நோய் மகளுக்கு வருமா?

தைராய்டு நோயுள்ள தாய்மார் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "சாமி, இது என் மகளுக்கும் வந்துவிடுமோ?" பெண் பார்க்க வருவோரும் இதையே கேட்கின்றனர். ஆனால், அவர்கள் தாயிடம் கேட்பதில்லை. பங்குக் குருவிடம் வந்து தணிந்த குரலில் கேட்கின்றனர். இரு சாராருக்கும் விடை ஒன்றே.

தைராய்டு, கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்த சிறு சுரப்பி. அதன் சுரப்பு குறைந்தால் உடல் சோர்ந்து பருக்கும். மிகுந்தால் நெஞ்சு படபடக்கும், உடல் மெலியும். அயோடின் குறைவால் வரும் கழலை வேறு. நாம் பேசுவது, உடலைக் காக்க வேண்டிய நோய்த் தடுப்பாற்றலே தன் சொந்தச் சுரப்பியைப் பகையென்று கருதித் தாக்கும் நோயைப் பற்றி.

இதன் ஒரு வகையை முதன்முதல் விவரித்தவர் ஹகாரு ஹஷிமோட்டோ என்னும் ஜப்பானிய அறுவை மருத்துவர். நான்கு பெண்களின் சுரப்பிகளை நுண்நோக்கியில் ஆராய்ந்து, அவற்றில் வெள்ளணுக்கள் மொய்த்திருந்ததை 1912ஆம் ஆண்டு ஒரு ஜெர்மானிய ஏட்டில் எழுதினார். அவை அங்கே ஏன் வந்தன என்பது அன்று விளங்கவில்லை. பின்னர் அவர் தம் சொந்த ஊரில் மருத்துவம் பார்த்து, 1934இல் டைபாய்டு காய்ச்சலால் இறந்தார். 1956இல் இலண்டனில் ராய்ட், டோனியாக் முதலியோர், இந்நோயாளரின் குருதியில் அவர்களுடைய சுரப்பியின் புரதத்தையே எதிர்க்கும் பொருள் இருப்பதைக் கண்டனர். அப்போதுதான் புதிர் அவிழ்ந்தது.

சுரப்பு மிகும் வகைக்கு கிரேவ்ஸ் நோய் என்று பெயர். இது குருதி வழி வருவதா என்பதை அறிய இரட்டையரைவிடச் சிறந்த சான்று இல்லை. டென்மார்க் நாட்டில் இரட்டையரைப் பதிவேட்டில் குறித்து வைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அதைக் கொண்டு 2001இல் வெளியான ஆய்வு கூறுவது இது: ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு கிரேவ்ஸ் நோய் இருந்தால், மற்றவருக்கும் அது இருந்தது நூற்றுக்கு ஏறத்தாழ 35 பேரிடம். தனித்தனிக் கருவிலிருந்து பிறந்த இரட்டையரிடையே ஏறத்தாழ 3 பேரிடம் மட்டுமே. இந்த வேறுபாட்டால் மரபின் வலிமை விளங்குகிறது. ஆயினும், அச்சில் வார்த்தாற்போல ஒரே மரபணுக்களைக் கொண்டிருந்தும் மற்ற 65 பேருக்கு நோய் காணவில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

பெற்றோரிடமிருந்து வருவது நோய்க்கு இடங்கொடுக்கும் இயல்பு மட்டுமே. அதுவும் ஒரு மரபணுவின் வேலையன்று. தடுப்பாற்றலுக்குக் கடிவாளம் போடும் ஒரு மரபணு, தன்னுடையது எது பிறருடையது எது என்று அடையாளம் காட்டும் சில மரபணுக்கள், இப்படிப் பல சேர்ந்து சிறிது சிறிதாகச் சாய்வை உண்டாக்குகின்றன. இவை தந்தை வழியிலும் வரும். பெண் வீட்டாரை மட்டும் துருவிக் கேட்போர் இதை மறந்துவிடுகின்றனர்! தம் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று அவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை.

சாய்வுள்ள உடலில் நோயைத் தூண்டுபவை வேறு. புகைபிடித்தல் கிரேவ்ஸ் நோய்க்கு வழி திறக்கிறது. கண்களையும் பாதிக்கச் செய்கிறது. அளவுக்கு மிஞ்சிய அயோடினும் தூண்டக்கூடும். அதற்காக அயோடின் உப்பைக் கைவிட வேண்டாம். பிள்ளைப்பேற்றுக்குப் பின்வரும் மாதங்களிலும் தாய்க்கு இந்நோய் தலைகாட்டுவதுண்டு. பிள்ளை பெற்றவளின் சோர்வைச் சோம்பல் என்று வீட்டார் ஏசுமுன், டி.எஸ்.எச். என்னும் குருதிப் பரிசோதனை ஒன்றைச் செய்வித்தல் நலம். தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ நோயுள்ள பெண்கள், கருவுறும் எண்ணம் கொண்டவுடனே அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சுரப்புக் குறைவுக்கு மருந்து நாள்தோறும் காலையில் வெறும் வயிற்றில் விழுங்கும் சிறு மாத்திரையே. கருவுற்ற காலத்தில் அது குழந்தையைக் கெடுக்கும் என்று நிறுத்தச் சொல்லும் மாமியார்கள் இன்றும் இருக்கின்றனர். உண்மை நேர்மாறானது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டுச் சுரப்பு தேவை. ஆதலால் அம்மாதங்களில் மருத்துவர் பெரும்பாலும் மாத்திரையின் அளவைக் கூட்டவே செய்வார்.