லைப்ரரிக்குள்ள காபி ஷாப்... ஓகே, ஆனா சீட் யாருக்கு?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறுல ரெண்டு மணி நேரம் நிம்மதியா உட்கார்ந்து படிக்க இடம் தேடியிருக்கீங்களா? கஃபேயில் அந்த நாற்காலியோட விலை ஒரு காபி. கிளை நூலகத்தில் நாற்காலி இலவசம், ஆனா காபி கிடையாது. தனியாரோடு கைகோத்து ரெண்டையும் சேர்த்தா என்ன?

ஜப்பான்ல சேர்த்துப் பார்த்துட்டாங்க. சுமார் 50,000 பேர் வசிக்கும் டகேயோ நகரம், 2013-ல் தன் நூலகத்தை சுட்டாயா புத்தகக் கடை நிறுவனத்திடம் நடத்தக் கொடுத்தது. உள்ளேயே புத்தகக் கடை, ஸ்டார்பக்ஸ். முதல் வருஷமே 9 லட்சம் வருகைகளைத் தாண்டியது!

ஆனா 2015-ல் சர்ச்சை வெடிச்சது. காலாவதியான பழைய புத்தகங்களை நூலகத்துக்கு வாங்கியிருந்தது வெளியே வந்தது. அதே வருஷம் கொமாகி நகர மக்கள், இதே மாதிரி திட்டத்தை வாக்கெடுப்பில் நிராகரிச்சாங்க.

நம்ம ஊருக்கு இதுல பாடம் இருக்கு. இங்கே சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகுது. வாடகை வீடா? உங்க வாடகைக்குள்ளேயும் அது ஒளிஞ்சிருக்கு. அதாவது, அந்த நாற்காலிக்கு நீங்க ஏற்கெனவே காசு கொடுத்தாச்சு!

அதனால கஃபே வரட்டும். ஆனா ஒப்பந்தத்தில் மூணு வரி இருக்கணும்: எதுவும் வாங்காமலே உட்காரலாம். எந்தப் புத்தகம் வாங்கணும்னு நூலகர்தான் முடிவு செய்வார். கடை வாடகை அந்த நூலகத்துக்கே போகும்.

இந்த மூணும் இல்லைன்னா, அது லைப்ரரி இல்லை... புத்தக அலமாரி வெச்ச காபி ஷாப்!